கழுவினால் போகும் கரி

பாடம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குக் கல்வியியற் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். அட்டை வெட்டி ஒட்டுவதிலும் படம் போட்டுக் காட்டுவதிலும் நீங்கள் எல்லோரும் எங்களைவிடக் கெட்டிக்காரர். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. பிரதம விருந்தினர் வந்து கதிரையில் இருந்துவிட்டார், ஒலிபெருக்கி பாடுகிறது, பெற்றோர் நிறைந்துவிட்டார்கள், மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பாடசாலை அதிபர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது. மன்னார்த் தீவில், கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சின்னப் பாடசாலை. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்களில் இருந்து வருகிறவர்கள். ஆரம்பப் பிரிவில் வருடம் ஒரு கண்டத்தை எடுத்து, அந்த மக்களின் ஆட்டம், பாட்டு, சாப்பாடு, உடுப்பு என்று ஒரு நாள் கொண்டாடுவோம். முதல் வருடம் ஐரோப்பா. பிள்ளைகள் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு, மாவுக்குள் விழுந்த பூனைகள் மாதிரி வந்து நின்றார்கள். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அடுத்த வருடம் ஆபிரிக்கா.

தரம் நான்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியை பொறுப்பெடுத்தார். நல்ல உழைப்பாளி. பெரிய காட்போட் மட்டைகளை ஒட்டி மேடையில் ஒரு பெருக்கமரம் செய்து நிறுத்தினார். மன்னாரில் நிற்கிற அந்தப் பருத்த மரம் ஆபிரிக்காவில் இருந்து அராபியர் கொண்டுவந்து நட்டது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அதைத்தான். பிள்ளைகளோ அதையும் விஞ்சினார்கள். மன்னார் வீதிகளில் திரிகிற கழுதைகளில் ஒன்றைப் பிடித்து வந்து, சுண்ணாம்பால் கோடு போட்டு வரிக்குதிரை ஆக்கி வாசலில் கட்டியிருந்தார்கள். அந்தக் கழுதை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நின்றது.

முக்கிய நிகழ்ச்சி தரம் நான்கின் ஆட்டம். அதற்கு முகத்துக்குக் கரி பூசுவதென்று பெற்றோர் தீர்மானித்திருந்தார்கள். வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கரையில் கரி பூசுவது கேலி அல்ல. திருக்காட்சித் திருநாளுக்குக் கோயில் முற்றத்தில் மூன்று ராசாக்கள் கூத்து ஆடுவோம். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பாலன் யேசுவைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் கறுத்த ராசா. அந்த ராசாவுக்குச் சிரட்டைக்கரியையும் விளக்குப்புகையையும் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். அந்த வேடம் கட்டக் கிடைப்பதை ஊரில் பெரிய பேறாக நினைப்பார்கள். கட்டுகிறவர் விரதம் இருப்பார். வேடத்தோடு வரும்போது பெரியவர்கள்கூட எழும்பி வழி விடுவார்கள்.

அந்தக் காலத்தில் அந்த வேடம் ஒரே குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. ஒருமுறை கச்சான் காற்றில் அகப்பட்ட வள்ளம் கரை சேர்ந்ததற்காக வைத்த நேர்த்தி அது. தகப்பனுக்குப் பிறகு மகன் கட்டினார். ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது, ராசா என்றுதான் கூப்பிடும். கரி பூசுவதில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? அன்று விடியவே ஒரு சட்டி நிறையக் கரி குழைத்து எடுத்துக்கொண்டு, பாடசாலைக்கு உதவி செய்யப்போகிற சந்தோசத்தோடு வந்தார். கடலுக்குக்கூடப் போகவில்லை. அவருடைய மகளும் தரம் நான்கில்தான் படித்தாள்.

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். அவள் தாய் புத்தளப் பக்கத்தில் இருந்து கலியாணம் கட்டி வந்தவர். போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்த குடும்பம். பிள்ளைக்குத் தாயின் நிறம், தாயின் சுருட்டை முடி. ஆபிரிக்கரைக் குறிக்கிற பழைய சொல்லால் ஊரில் அவளைக் 'காப்பிரிப் பெட்டை' என்பார்கள். ஏசுவதற்காகச் சொல்வதில்லை, அதுதான் வினை. ஏசினால் நாங்கள் தடுத்திருப்போம். பகிடிக்குச் சொன்னார்கள், அவளும் சிரித்தாள், ஆகவே ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. ஆபிரிக்காவில் இருந்து வந்த மரத்தைப் பார்த்துப் பெருமைப்பட எங்களுக்குத் தெரிந்திருந்தது.

விருந்தினர் வந்துவிட்டார். வலயக் கல்விக் கந்தோரில் இருந்து வந்த அதிகாரி. பங்குச் சுவாமியும் வந்து பக்கத்தில் இருந்தார். மங்கள விளக்கு ஏற்றி, சின்ன வகுப்புகளின் பாட்டுத் தொடங்கியது. இத்தனை சனத்துக்கு மலசலகூடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நான் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே அவள் குந்தியிருந்தாள். ஒரு பக்கச் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டு, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தையும் தேங்காய்த் தும்பையும் வைத்து முழங்கைக்குக் கீழே தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து இரத்தம் பொடித்திருந்தது.

"என்ன மகள் செய்யிறாய்?"

"கழுவிறன் ரீச்சர்."

"உனக்கு இன்னும் கரி பூசேல்லையே."

"ஓம், பூசேல்லை." கையை நிறுத்தவில்லை. "மற்றவைக்குப் பின்னேரம் கழுவினாப் போயிடும் ரீச்சர். அப்பாவுக்கும் ஒவ்வொரு முறையும் போறதுதானே. எனக்குத்தான் போகுதில்லை."

நான் அந்தத் தும்பை அவள் கையில் இருந்து வாங்கினேன். பிள்ளைகள் அழுது பார்த்திருக்கிறேன், ஷெல் சத்தத்தில் மேசைக்குக் கீழே ஒளித்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கைச் செய்து பார்த்துவிட்டு விடை பிழைக்கிறது என்று சொல்கிற மாதிரி, அழாமல் இப்படிச் சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். வகுப்பறையில் எல்லோரும் வரிசையாக நின்றிருக்கிறார்கள். தகப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பூசியிருக்கிறார். இவள் முறை வந்தபோது பின்னால் நின்ற ஒரு பெடியன், "அவளுக்கு வேண்டாம் மாமா, அவள் பூசிக்கொண்டுதான் பிறந்தவள்" என்றிருக்கிறான். வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது.

"அப்பாவும் சிரிச்சவர் ரீச்சர். சிரிச்சுப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டவர்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனால் யாரில் கோபிப்பது? அந்தப் பெடியனுக்கு ஒன்பது வயது. தகப்பன் மகளில் உயிரையே வைத்திருக்கிற மனிதர், ஒரு சின்னப் பெடியனின் பகிடிக்கு யோசிக்காமல் சிரித்துவிட்டார். ஆசிரியை அந்த நேரம் மேடையில் மரத்தைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளி ஒருவர் கிடைத்தால் எங்களுக்கு வேலை சுகம். அன்று ஒருவரும் கிடைக்கவில்லை.

"இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள் மகள், நாளைக்குப் பார்ப்போம்" என்று என் வாய் வரைக்கும் வந்தது. உங்களுக்கும் வரும். விருந்தினர் இருக்கிறார், ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது, ஒரு பிள்ளைக்காக முழு நிகழ்ச்சியையும் குழப்புவதா என்று புத்தி நியாயம் சொல்லும். அதைக் கேட்டிருந்தால் அவள் மண்டபத்தின் ஓரத்தில் நின்று, கரி பூசிய வகுப்பு முழுவதும் தன்னைப்போல் வேடம் போட்டு ஆடுவதையும், ஊர் கைதட்டுவதையும், பிறகு எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவதையும் பார்த்திருப்பாள். அவளுடைய கணக்கு சரி என்று நானே கையெழுத்து வைத்தது போல ஆகியிருக்கும்.

கரியை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். அது பெரிய கெட்டித்தனம் இல்லை. ஏன் நிறுத்துகிறேன் என்று சொல்வதில்தான் சிக்கல். ஒலிவாங்கியைப் பிடித்து உண்மையைச் சொல்லலாம், சொன்னால் சபை முழுவதும் திரும்பி அவளைப் பார்க்கும். தகப்பனைக் கூப்பிட்டு மகளின் கையைக் காட்டலாம், அந்த மனிதர் ஊர் முன்னால் உடைந்து போவார், அதையும் அவள்தான் பார்க்க வேண்டும். நாளைக்கு வகுப்பில், "உன்னாலதான் எங்கட ஆட்டம் குழம்பினது" என்பார்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று வெளிக்கிட்டு அதே பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிற ஆசிரியர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள்தான்.

அவளை என் கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் கழுவி மருந்து போட்டேன். "இது உன்ர கதை மகள். நீ சொல்லுற வரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உனக்கு விருப்பமெண்டால் அம்மாட்டச் சொல்லு" என்றேன். தலையாட்டினாள். பிறகு நேரே தரம் நான்குக்குப் போனேன்.

ராசா கடைசிப் பிள்ளையின் கண்ணைச் சுற்றிக் கவனமாகப் பூசிக்கொண்டிருந்தார். "இந்தா முடிஞ்சுது ரீச்சர்" என்று சிரித்தார்.

"நிப்பாட்டுங்கோ தம்பி. பிள்ளையள் எல்லாரும் முகம் கழுவ வேணும்."

"ஏன் ரீச்சர், ஆற்றையேன் கண்ணுக்குள்ள பட்டிட்டுதோ?"

"இல்லை. நீங்கள் வடிவாத்தான் பூசியிருக்கிறியள். ஆனால் பிள்ளையள் தங்கட முகத்தோட ஆடட்டும்."

அவருடைய முகம் மாறியது. "இது எங்கட நேர்த்திக் கரி ரீச்சர். அப்பா பூசினவர், நான் பூசிறன். கோயிலுக்கு முன்னால பூசிற கரி, பள்ளிக்கூடத்துக்குக் கூடாதோ?"

நியாயமான கேள்வி. "குறை உங்களிலயும் இல்லை, கரியிலயும் இல்லை. நான்தான் பிந்தி யோசிச்சனான். பிழை என்ர" என்றேன். அவர் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆசிரியை ஓடிவந்து விசயம் கேட்டு அழுதார். "இவ்வளவு நாளும் பழக்கினது மிஸ், ஆட்டமே போச்சு" என்றார். "ஆட்டம் போகேல்லை, கரிதான் போகுது. சவர்க்காரம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். கண்டிப்பாகச் சொன்னேன். ஆறுதல் சொல்ல நேரம் இருக்கவில்லை.

எண்ணெயில் குழைத்த கரி இலேசில் போகாது. தாய்மார் வந்து முணுமுணுத்தார்கள். அதிகாரி ஆளனுப்பினார், பிறகு தானே எழும்பி வந்தார்.

"என்ன மிஸ் இது? நான் இன்னும் ரெண்டு இடத்துக்குப் போக வேணும். உயிர் போற விசயமோ?"

"ஓம் சேர்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்காமல் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சபைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "இன்றைக்கு நாங்கள் இன்னொரு கண்டத்து மக்களுக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் தங்கள் சொந்த முகத்தோடு நின்று அந்த மரியாதையைச் செய்வார்கள். இது கடைசி நேரத்தில் நான் எடுத்த முடிவு. தாமதத்துக்கு என்னை மன்னியுங்கள்." ஒருவரும் கைதட்டவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் அவளிடம் கேட்டேன், மேடைக்குப் போகிறாயா, என்னோடு இருக்கிறாயா என்று. கொஞ்சம் யோசித்தாள். "கழுதையைப் பிடிச்சுக்கொண்டு வரட்டா ரீச்சர்?" என்றாள். அலங்காரத்துக்கு வாங்கிய மஞ்சள் பூத்துணி ஒன்றைத் தோளில் இருந்து கை மறைகிற மாதிரிச் சுற்றிவிட்டேன். காதோரமும் கழுத்தோரமும் கரித் திட்டுகளோடு பிள்ளைகள் ஆடினார்கள். முடிவில் அவள் வரிக்குதிரையை நடத்திக்கொண்டு மண்டபத்தின் நடுவால் வந்தாள். அன்றைக்கு வேடம் கலையாமல் இருந்தது அந்தக் கழுதை ஒன்றுதான். அது நடுவழியில் நின்று, அதிகாரியைப் பார்த்துக் கத்தியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது, அவளும் சிரித்தாள். வாசலில் கோபத்தோடு நின்ற தகப்பன், மகளைக் கண்டதும் தன்னை மறந்து கைதட்டினார். அவர் கைகளில் இன்னும் கரி இருந்தது.

அதன் பிறகு சும்மா விட்டார்களா? அதிபர் ஊர் வழக்கத்தை அவமதித்தார் என்று வலயக் கந்தோருக்கு முறைப்பாடு போனது. விளக்கம் கேட்டார்கள். முடிவு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். கோயிலுக்குப் போனால் எனக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிறவர்கள் தள்ளி இருந்தார்கள். கவலையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். இந்தத் தொழிலில் சில முடிவுகளுக்கான காரணத்தை நீங்கள் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். அது செமிக்காது. பழகிக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்கு அடுத்த நாள் காலை அவளுடைய தாய் வந்தார். கந்தோர்க் கதவடியில் நின்றார், இருக்கச் சொன்ன பிறகுதான் இருந்தார். இரவு உடுப்பு மாற்றும்போது கையைக் கண்டிருக்கிறார், பிள்ளை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"அவருக்கு இன்னும் தெரியாது ரீச்சர்" என்றார். "கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு நானும் அந்தக் கூத்தைப் பாக்கிறன். ராசாவின்ர பெண்சாதியெண்டு முன்னுக்கு இருத்துவினம். ஆடி முடிய, கரியைக் கழுவிப்போட்டு வந்து என்னோட இருந்து சாப்பிடுவார். நல்ல மனிசன். அவருக்கு ஒண்டும் தோணினதில்லை. எனக்கும் சொல்ல வாய் வந்ததில்லை."

"நான் அவரோட கதைக்கட்டோ?"

"வேண்டாம் ரீச்சர். நீங்கள் சொன்னால் பள்ளிக்கூடத்து ஏச்சாப் போயிடும். நான் சொல்லிறன். எனக்குச் சொல்ல நாள் வேணும்."

விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நாங்களே முடித்துவைக்க வேண்டும் என்று நினைப்பதும் ஒரு அகங்காரம். இளம் ஆசிரியையை மட்டும் தனியே கூப்பிட்டு, யார் என்று சொல்லாமல், ஒரு பிள்ளை காயப்பட்டது என்று சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. அன்று தொடக்கம் அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் பட்டப்பெயர் இல்லை.

அடுத்து வந்த திருக்காட்சித் திருநாளுக்கு நானும் கோயில் முற்றத்துக்குப் போனேன். பின்வரிசையில் ஒரு கதிரை கிடைத்தது. மத்தளம் அடித்து, முதல் ராசா வந்தார், இரண்டாவது ராசா வந்தார். மூன்றாவது ராசா முடியும் மேலங்கியும் வாளும் தரித்து, தன்னுடைய சொந்த முகத்தோடு வந்தார். சனம் சலசலத்தது. "ராசா, கரி பூச மறந்திட்டியோ?" என்று யாரோ கேட்டார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பதறிப்போய்த் தாளத்தை விட்டார். மூன்றாவது ராசா தாளம் திரும்ப வரும் வரைக்கும் நின்று, பிறகு தன் வரவுப்பாட்டை எடுத்துப் பாடினார். முதல் அடியில் குரல் தடுமாறியது, பிறகு நின்றுபிடித்தது. பாலன் முன்னால் மற்ற இருவரையும் விடக் கூடுதல் நேரம் முழங்காலில் இருந்தார். முன்வரிசையில் அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கூத்து முடிந்து நான் வெளிக்கிடும்போது, கோயில் கிணற்றடியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வேடம் கழற்றிய ராசா, வருடா வருடம் செய்கிற பழக்கத்தில் நேரே அங்கே வந்து வாளியை எடுத்துக்கொண்டிருந்தார். சவர்க்காரமும் துவாயும் கொண்டுவந்து கொடுப்பது மகளின் வேலை. அவளும் பழக்கத்தில் வந்து நின்றாள். அவர் தண்ணீரை அள்ளி முகத்தருகே கொண்டுபோன கையோடு அப்படியே நின்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். துவாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கழுவிறதுக்கு ஒண்டும் இல்லை அப்பா. வாங்கோ, வீட்ட போவம்."